விட்டு வந்த வீடு யாருக்குச் சொந்தம்?

ஆப்கானியரின் கிராமங்களில் 'ஹஷர்' என்றொரு வழக்கம் உண்டு. ஒருவர் வீட்டு மண்சுவரை எழுப்ப வேண்டுமா, கால்வாயைத் தூர் வார வேண்டுமா, ஊரார் கூலியின்றித் திரண்டு வந்து முடித்துக் கொடுப்பார்கள். (மஹ்ஷர் என்ற சொல்லுக்கும் இதுவே வேர், ஒன்றுதிரட்டுதல் என்று பொருள்.) 1979-ல் மூண்ட போரால் பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் போனவர்களில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் 2002-க்குப் பின் ஊர் திரும்பினார்கள். இடிந்த சுவரைக் கட்ட ஆள் கிடைத்தது. அந்த மனையில் வேறொருவர் குடியிருந்தால் என்ன செய்வது? அங்கேதான் வழக்குகள் பெருகின.

தமிழ் பேசும் நம் சகோதரர்களுக்கும் இதே சோதனை வந்தது. 1990 அக்டோபர் 30-ல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை உஸ்மானியா கல்லூரி மைதானத்தில் கூட்டி, இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டனர். நகைகளும் பறிபோயின. வடமாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 75,000 பேர் அகதிகளானார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் ஒதுங்கினர். 2009 மே மாதம் போர் முடிந்து சோனகத் தெருவுக்கும் மன்னாருக்கும் போனவர்கள் கண்டது கூரையற்ற வீடுகளும், புதர் மண்டிய மனைகளும்!

பள்ளிவாசல் விஷயத்தில் சந்தேகமே வேண்டாம். ஊர் காலியானாலும், கட்டிடம் இடிந்தாலும் அது பள்ளிவாசல்தான். விற்கக் கூடாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு.

வீடு? ஆண்டுகள் உருண்டோடியதால் பிறர் பொருள் நம் பொருளாகிவிடாது. அபகரித்தவர் வீட்டைத் திருப்பித் தருவதோடு, இருந்த காலத்துக்கான வாடகையும் தர வேண்டும். அறியாமல் அவரிடமிருந்து வாங்கியவரும் உரியவரிடம் ஒப்படைத்துவிட்டு, தாம் கொடுத்த விலையை விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். இலங்கைச் சட்டத்தில் 10 ஆண்டு அனுபவம் உரிமையாகிவிடும். போரால் இடம்பெயர்ந்தோருக்காக 2016-ல் தனிச் சட்டம் செய்து, 1983 முதல் 2009 வரையிலான போர்க்காலத்துக்கு விலக்களித்தார்கள். நல்ல காரியம்.

"மக்காவுக்குத் திரும்பிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் வீட்டைக் கேட்கவில்லையே?" என்று சிலர் வினவுவர். எங்கே தங்குவீர்கள் என்று கேட்கப்பட்டபோது, அகீல் (ரலி) வீடு எதையும் மிச்சம் வைக்கவில்லையே என்ற கருத்தில் பதில் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பது உண்மையே. ஆனால் விட்டுக்கொடுப்பது உரியவரின் தயாளம். குடியிருப்பவர் அதை ஆதாரமாகக் காட்டலாமா? ஹிஜ்ரத்துக்குப் புறப்பட்ட அந்த நெருக்கடியில், தம்மைக் கொல்லத் துணிந்த ஊராரின் அமானிதங்களை ஒப்படைத்து வருமாறு அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றவர்களல்லவா நம் நாயகம்!

இன்னொரு அநியாயம் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. தகப்பனார் அகதியாகவே மவுத்தாகியிருப்பார். மகன் ஒருவன் ஊர் திரும்பி மனையைச் சுத்தம் செய்து தன் பெயரில் எழுதிக்கொள்வான். புத்தளத்தில் வாழ்க்கைப்பட்ட சகோதரியின் பங்கு காணாமல் போகும். ஆப்கானிய கிராமங்களிலும் பெண்மக்களுக்குச் சொத்துப் பங்கு கொடாதது பழைய வழக்கம். ஹஷரைப் போற்றலாம், இதைப் போற்ற முடியாது.

தாய்மார்களே, சகோதரர்களே! நம் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளிலும் பிரான்சுக்கும் வளைகுடாவுக்கும் போனவர்களின் வீட்டையும் நிலத்தையும் உறவினர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அது அமானிதம். வாடகையும் குத்தகையும் உரியவருக்கே. கூரை மாற்றுவதானாலும் முதலில் அவரிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காமல் செய்த செலவைப் பின்னர் அவரிடம் வசூலிக்க முடியாது.