மனையும் முறையும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கட்கு இன்றியமையாதன. இவற்றுள் உணவு நாள்தோறும் தேடப்படுவது. உடை ஆண்டுதோறும் வாங்கப்படுவது. உறையுளோ பெரும்பாலோர்க்கு வாழ்நாளில் ஒரு முறையே அமைவது. 'வீட்டைக் கட்டிப்பார்; கலியாணத்தைச் செய்துபார்' என்னும் பழமொழி அதன் அருமையை உணர்த்தும். ஒருவர் பல்லாண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக்கொண்டு மனை ஒன்று வாங்குகிறார். மனையும் அவருடையது, பொருளும் அவருடையது. அவ்வாறிருக்க, அம்மனையில் வீடு கட்டுமுன் அவர் அனுமதி பெறவேண்டும் என்று சட்டம் கூறுவது ஏன்? தம் நிலத்தில் தாம் கட்டுவதற்குப் பிறருடைய இசைவு எதற்கு? இவ்வினாவிற்கு விடை காண்போம்.

மனைக்கு நான்கு எல்லைகள் உண்டு. ஆனால், அதன்மேல் எழும் கட்டடத்தால் விளையும் நன்மை தீமைகள் அவ்வெல்லைக்குள் நில்லா. ஒருவர் தம் சுவரை அண்டை வீட்டுச் சுவரோடு ஒட்ட எழுப்பினால், அண்டை வீட்டார் சாளரத்தில் காற்றும் வெளிச்சமும் தடைப்படும். தெருவினுள் இரண்டடி நீட்டிப் படி கட்டினால், நோயாளியை ஏற்ற வரும் ஊர்தியும் தீயணைப்பு வண்டியும் உள்ளே புகமாட்டா. மனை முழுவதையும் சிமெண்டுத் தளமிட்டு மூடினால், மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் தெருவில் தேங்கும். கோடையில் கிணறு வற்றும். நிலம் ஒருவர்க்கு உரியதாயினும், காற்றும் ஒளியும் நீரும் வழியும் ஊரார் அனைவர்க்கும் பொதுவானவை. அப்பொதுவுடைமையைக் காக்கும் பொருட்டே ஊரின் சார்பில் ஒருவர் நம்மை நோக்கி, 'எவ்வாறு கட்டப்போகிறீர்?' என்று கேட்கிறார். அக்கேள்வியே அனுமதி என்பதன் உட்பொருள்.

கட்டுமுன் எண்ணுதல் நம் முன்னோர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, அரண்மனை எடுப்பதற்கு முன் அத்துறை வல்லோர் கதிரவனின் நிழலைக்கொண்டு திசையறிந்து, கயிறு பிடித்து அளந்து, மனையை வகுத்த செய்தியைக் கூறுகிறது. சட்டத்தின் வரலாறும் பழமையானதே. ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட அம்முராபி என்னும் மன்னன், ஒருவன் கட்டிய வீடு இடிந்து அவ்வீட்டுக்கு உரியவன் இறப்பின், கட்டியவனுக்குக் கொலைத்தண்டம் விதித்தான். கடுமையான சட்டந்தான். எனினும், அது வீடு விழுந்தபின் தண்டித்ததேயன்றி, விழாமல் காக்கும் வழியைக் கூறவில்லை. இறந்தவர் தண்டனையால் மீள்வதில்லை அன்றோ?

இலண்டன் மாநகரம் இவ்வுண்மையைப் பெரும் இழப்பின் வாயிலாகக் கற்றது. 1666 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அந்நகரத்து ரொட்டிக் கடை ஒன்றில் பற்றிய தீ, நெருங்கி நின்ற மரவீடுகளில் தாவித் தாவி நான்கு நாள் எரிந்தது. ஏறத்தாழ 13,000 வீடுகள் சாம்பலாயின. மறு ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், இனி எழும் வீடுகளின் சுவர்கள் செங்கல்லாலோ கருங்கல்லாலோ அமைதல் வேண்டும் என்றும், மாடிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பச் சுவரின் கனம் இருத்தல் வேண்டும் என்றும் வரையறுத்தது. அவற்றை மேற்பார்வையிட அளவையாளர்களையும் ஏற்படுத்தியது. விழுந்தபின் தண்டித்தல் என்னும் நிலையினின்று, விழுமுன் கேட்டல் என்னும் நிலைக்குச் சட்டம் உயர்ந்தமைக்கு இஃது ஒரு சிறந்த சான்று.

இனி, நம் நாட்டு முறையைக் காண்போம். தமிழ்நாட்டில் 1971 ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமும், 2019 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் இத்துறைக்கு அடிப்படையாக உள்ளன. கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய இடைவெளி, அதன் உயரம், ஊர்திகள் நிற்கும் இடம் முதலியவற்றை இவ்விதிகள் வரையறுக்கின்றன. தளப் பரப்புக் குறியீடு என்பது இவற்றுள் இன்றியமையாதது. மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதை அது குறிக்கும். உயர்மாடி அல்லாத கட்டடங்களுக்கு இது பொதுவாக 2 ஆகும். 1,200 சதுர அடி மனையில் எல்லாத் தளங்களும் சேர்ந்து 2,400 சதுர அடிவரை கட்டலாம் என்பது இதன் பொருள். மழைநீர் சேமிப்பு அமைப்பும் எல்லாக் கட்டடங்களிலும் இருத்தல் வேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டு முதல் இம்மாநிலத்தில் கட்டாயமாயிற்று.

அனுமதி வேண்டுவோர் முதற்கண் தம் உரிமையை மெய்ப்பிக்கவேண்டும். கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவை அதற்குக் கருவிகள். அடுத்து, பதிவுபெற்ற பொறியாளரையோ கட்டடக் கலைஞரையோ கொண்டு வரைபடம் வரைவிக்க வேண்டும். மனையின் அளவு, தெருவின் அகலம், அறை, சாளரம், படிக்கட்டு, கழிவுநீர் செல்லும் வழி யாவும் அதில் காணப்படும். இவற்றை இணையவழி ஒற்றைச் சாளர முறையில் விண்ணப்பத்தோடு செலுத்தலாம். அலுவலர் ஆராய்ந்து கட்டணம் விதிப்பர். அதனைச் செலுத்தியபின் அனுமதி வழங்கப்படும். அதன்பின் வரைபடத்தில் உள்ளவாறே கட்டுதல் வேண்டும். பெரிய கட்டடங்களைக் கட்டி முடித்தபின் நிறைவுச் சான்றும் பெறவேண்டும்.

வீட்டுக்கும் வணிகக் கட்டடத்திற்கும் வேறுபாடு உண்டு. வீட்டில் வாழ்வோர் அதன் மூலை முடுக்குகளை அறிவர். இருளிலும் வாயிலைக் கண்டு வெளியேறுவர். கடை, திருமண மண்டபம், மருத்துவமனை, பள்ளி முதலியவற்றில் கூடுவோரோ அக்கட்டடத்தை அறியாதவர்; எண்ணிக்கையிலும் மிக்கவர். ஆதலின், இத்தகைய கட்டடங்களில் வெளியேறும் வழி, படிக்கட்டின் அகலம், தீயணைக்கும் வசதி ஆகியவை கூர்ந்து ஆராயப்படும். 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தவை உயர்மாடிக் கட்டடங்கள் எனப்படும். இவற்றிற்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும்.

இவையெல்லாம் வீண் அலைச்சல் என்று எண்ணுவோர் கும்பகோணத்தை நினைத்தல் வேண்டும். 2004 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 16 ஆம் நாள், அந்நகரத்துப் பள்ளி ஒன்றின் சமையற்கூடத்துக் கீற்றுக் கூரையில் தீப் பற்றியது. அத்தீ மாடியில் வகுப்பு நடந்த இடத்தின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்கும் படிக்கட்டோ குறுகியது. காலையில் புத்தகப் பையோடு சென்ற குழந்தைகளுள் 94 பேர் மாலையில் வீடு திரும்பவில்லை. கூரை எதனால் ஆயது? அடுப்பு எங்கே உள்ளது? படிக்கட்டு எத்தனை அடி அகலம்? இம்மூன்று கேள்விகளையும் உரிய காலத்தில் ஒருவர் கேட்டு, விடை சரியில்லையெனின் மாற்றச் செய்திருந்தால், அக்குழந்தைகள் இன்று வளர்ந்து பெரியோராய் நம்மிடையே நடமாடுவர். அனுமதித் தாளின் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் இத்தகைய துயரம் ஒன்று மறைந்து நிற்கிறது என்பதை மறத்தலாகாது.

ஆயினும், தாள் மட்டும் கட்டடத்தைத் தாங்காது. 2014 ஆம் ஆண்டு சூன் 28 ஆம் நாள், சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 61 பேர் மாண்டனர். அக்கட்டடத்திற்கு அனுமதி இருந்தது. அனுமதி இருந்தும் அது விழுந்தமையால், மண்ணின் வலிமை, தூணின் கனம், கம்பியின் அளவு ஆகியவற்றில் கட்டுவோர் தாமே நேர்மையுடன் நடத்தல் வேண்டும் என்பது விளங்கும். அதன் அருகே நின்ற மற்றொரு கட்டடமும் 2016 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆம் நாள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. வாழ்வதற்கென எழுப்பிய கட்டடத்தை யாரும் வாழாமலே இடிக்க நேர்ந்தது.

2024 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தமிழ்நாட்டில் சுயசான்று முறை தொடங்கப்பட்டது. 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடிக்கு மிகாத சிறு வீடு கட்டுவோர், விதிகளின்படியே கட்டுவோம் எனத் தாமே சான்றளித்து, இணையவழி உடனடியாக அனுமதி பெறலாம் என்பது அதன் சாரம். அலைச்சலும் காத்திருத்தலும் ஏழை எளியோரை வருத்தி வந்தமையின் இம்முறை வரவேற்கத்தக்கதே. ஆயின், இதன்கண் ஒரு பெரும்பொறுப்பு அடங்கியுள்ளது. முன்பு அலுவலர் கேட்ட கேள்விகளை இனி வீடு கட்டுவோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும். கேட்போர் இல்லை என்பதால் கேள்வி இல்லாமற் போகாது.

மாணவர்களே! உங்களுள் பலர் நாளை வீடு கட்டுவீர்கள். சிலர் பொறியாளர் ஆவீர்கள். சிலர் அனுமதி வழங்கும் அலுவலர் ஆவீர்கள். கட்டுபவராயின், ஓரடி நிலத்தை மிச்சப்படுத்த அண்டை வீட்டாரின் காற்றைக் கவராதீர்கள். பொறியாளராயின், உம் கையொப்பத்தின்கீழ் ஒரு குடும்பம் உறங்கப்போகிறது என்பதை எண்ணுங்கள். அலுவலராயின், நேர்மையாளரைக் காக்க வைக்காதீர்கள், கையூட்டுக்குக் கண்மூடாதீர்கள். இம்மூவரும் தத்தம் கடமையை ஆற்றும் ஊரில், காற்று நுழையும் வீடுகளும் வண்டி புகும் தெருக்களும் அமையும். காலையில் பள்ளிக்குச் சென்ற குழந்தைகள் மாலையில் வீடு திரும்புவர்.