சாயத் தண்ணியும் சிப்பிக் காளானும்



நம் குழுக்களில் சிலர் வைக்கோலில் சிப்பிக் காளான் வளர்க்கிறோம். அறுவடை முடிந்த பையைப் பிரித்தால் வைக்கோல் வெளுத்து, தொட்டதும் உதிரும். காரணம் என்ன? வைக்கோலுக்கு உறுதி தருவது லிக்னின். அதை உடைக்க, காளானின் வெள்ளை இழைகள் லாக்கேஸ் போன்ற நொதிகளைச் சுரக்கின்றன. நொதின்னா பயப்பட வேண்டாம், சோற்றை இளக்கும் நொதி நம்ம எச்சிலிலும் இருக்கு.

பல சாயங்களின் கட்டமைப்பு லிக்னினுக்குக் கிட்டத்தட்ட ஒத்தது. அதனால் இதே நொதி சாயத்தையும் உடைத்து நிறத்தைப் போக்குகிறது. ஆய்வுக்கூடங்களில் இது பலமுறை நிரூபணமாகியுள்ளது. அறுவடை முடிந்த பையிலும் நொதி மிச்சமிருக்கும்.

ஆனால் பட்டறையிலிருந்து வரும் கழிவு சூடாக, காரமாக, உப்பாக இருக்கும். காளானுக்கோ சற்றுப் புளிப்பான தண்ணீர்தான் பிடிக்கும். போதாததற்கு பாக்டீரியா வேறு முந்திக்கொள்ளும். ஆலைகளில் இது பெரிதாகப் பரவாததற்கு இவையெல்லாம் காரணம்.

இன்னொன்றும் உண்டு. நிறம் போனாலும் உப்பு போகாது. நொய்யலில் பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர் சாயக்கழிவு தேங்கி, சுற்றுவட்டார வயலும் கிணறும் கெட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

ஆகவே சாயப்பட்டறைப் பக்கம் கிணறு உள்ளவர்கள், தண்ணி தெளிவா இருக்குன்னு விட்டுடாதீங்க. ஒரு பாட்டிலில் எடுத்து வேளாண்துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பின் அளவைப் பாருங்கள். சந்தேகமான தண்ணீரைக் காளான் பைக்குத் தெளிக்கவே கூடாது. அதிலுள்ள உலோகங்களைக் காளான் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.