தமிழ் வழியே ஆங்கில இலக்கணம்

நமது அறவாரிய மண்டபத்தில் ஞாயிறுதோறும் நடைபெறும் ஆங்கில வகுப்பில் பாடம் சொல்லித் தருபவன் என்ற முறையில், இம்மலருக்குக் கட்டுரை எழுதுமாறு மலர்க் குழுவினர் கேட்டுக் கொண்டனர். அவ்வேளையில், கிள்ளானிலிருந்து மகளைப் பிரிக்பீல்ட்சுக்கு அழைத்து வரும் ஒரு தாயார், "சார், பிள்ளைக்கு இங்கிலீஷ் நல்லா வரணும்னா வீட்டுல தமிழ் பேசறத நிறுத்திடணுமா?" என்று கேட்டார். "வேண்டாம்மா" என்றேன். காரணத்தை விளக்க அன்று நேரமில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

நம் பள்ளிகளில் ஆங்கிலம், ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட அளவுகோலின்படி கற்பிக்கப்படுகிறது. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு படிகள். 2017இல் முதலாம் ஆண்டிலும் முதல் படிவத்திலும் தொடங்கிய இம்முறை, 2021ஆம் ஆண்டு எஸ்.பி.எம். ஆங்கிலத் தாளுக்கும் வந்தது. கல்வியமைச்சின் 2015–2025 திட்டம், ஆரம்பப்பள்ளி முடிவில் ஏ2, ஐந்தாம் படிவ முடிவில் பி1 அல்லது பி2 என இலக்கு வைத்தது.

ஏ1 படியில் 'ஷீ கோ டு ஸ்கூல்' என்ற பிழை ஓயாது வரும். மலாயில் யார் போனாலும் 'பெர்கி' தான், சொல் மாறாது. தமிழிலோ போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது என விகுதி மாறிக்கொண்டே இருக்கும். "இத்தனை விகுதிகளைத் தவறாமல் போடுகிறாயே, ஆங்கிலம் கேட்பது ஒரே ஓர் 'எஸ்' தானே!" என்பேன். பிள்ளைகள் சிரித்துக் கொண்டே திருத்துவார்கள்.

'தி' என்ற சொல் இன்னும் கடினம். 'ஏ' என்பதற்கு 'ஒரு' உண்டு. 'தி'க்கு நம்மிடம் தனிச்சொல் இல்லை. ஆனால் 'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்தை வாங்கினேன்' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். பின்னதில் எந்தப் புத்தகம் என்பது கேட்பவருக்கு முன்பே தெரியும். அந்த 'ஐ' உருபு வருமிடத்தில் பெரும்பாலும் 'தி' பொருந்தும். மனிதருக்கு இக்கணக்கு ஒத்துவராது. 'ஒரு டாக்டரைப் பார்த்தேன்' என்றுதானே சொல்கிறோம்.

ஏ2, பி1 படிகளில் எல்லாரையும் திணற வைப்பது 'ஹேவ்' சேர்ந்த வினை. நம் ஊர்ப் பேச்சில் 'ஹீ கோ ஓல்ரெடி' என்று முடித்து விடுகிறோம். மலாயின் 'சுடா' அங்கே ஆங்கில வேடம் போட்டிருக்கிறது! தமிழில் 'போயிருக்கிறார்' என்பதை நினைத்தால் 'ஹேஸ்' தானாக வரும். இருந்தாலும் இரண்டு இடங்களில் எச்சரிக்கை தேவை. 'அப்பா பத்துமலைக்குப் போயிருக்கிறார்' என்றால் இன்னும் திரும்பவில்லை என்றும் கொள்ளலாம், முன்பு எப்போதோ போய் வந்தவர் என்றும் கொள்ளலாம். ஆங்கிலம் இவற்றைப் பிரிக்கிறது: திரும்பாதவருக்கு 'ஹேஸ் கான்', போய் வந்தவருக்கு 'ஹேஸ் பீன்'. அடுத்து, 'நேற்றே வந்திருக்கிறார்' என்று நாம் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'யெஸ்டர்டே' வந்துவிட்டால் 'ஹேஸ்' கூடாது, 'கேம்' தான்.

'நேற்று வந்த பையன்' போன்ற தொடர்களில் தமிழ் உதவாது. அடைமொழி முன்னால் நிற்கிறது. இங்கே மலாய் கைகொடுக்கும். 'புடாக் யாங் டாத்தாங்' என்பதில் 'யாங்' இருக்குமிடத்தில் 'ஹூ' வைத்தால் போதும்.

பி2 படியில் கற்பிக்கப்படும் 'இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்' என்ற அமைப்பைக் கண்டு ஐந்தாம் படிவ மாணவர்களே அஞ்சுகிறார்கள். நம் வீட்டுச் சிறுவனோ பள்ளிக்குப் போகுமுன்பே, "நீ சொல்லியிருந்தால் வந்திருப்பேன்" என்கிறான்! 'சொல்லியிருந்தால்' என்பதன் பக்கம் 'ஹேட்'. 'வந்திருப்பேன்' என்பதன் பக்கம் 'வுட் ஹேவ்'. பலர் இரு பக்கமும் 'வுட்' போட்டு விடுகிறார்கள். 'வந்திருப்பேன்' என்பதில் 'ப்ப்' ஒலிக்கிறது. 'சொல்லியிருந்தால்' என்பதில் அது இல்லை. 'ப்ப்' ஒலிக்கும் பக்கத்தில் மட்டும் 'வுட்' எழுதச் சொல்லுங்கள்.

ஆகவே அம்மா, கிள்ளானிலிருந்து சென்ட்ரலுக்கு வரும் கொமுட்டர் ரயிலில் மகளிடம் தமிழிலேயே பேசி வாருங்கள். "சீக்கிரம் எழுந்திருந்தால் முதல் ரயிலைப் பிடித்திருப்போம்" என்று சொல்லி, 'வுட்' எந்தப் பக்கம் என்று மட்டும் கேளுங்கள்.