மணற்கல் குகைகளும் அவற்றின் உயிரினங்களும்

மணற்கல் நீரில் எளிதில் கரைவதில்லை. ஆதலால் அதில் நீண்ட குகைகள் அமைவது அரிது. அத்தகைய அரிய குகை மேகாலயத்தின் மௌசின்ராம் பகுதியிலுள்ள கிரெம் புரி. காசி மொழியில் 'கிரெம்' என்பது குகையைக் குறிக்கும். 2016-இல் கண்டறியப்பட்டு, 2018-இல் அளவிடப்பட்ட இதன் நீளம் ஏறத்தாழ 24.5 கிலோமீட்டர். உலகின் மிக நீண்ட மணற்கல் குகையென அவ்வாண்டில் இது அறிவிக்கப்பட்டது.

ஒளி புகாத குகையின் உட்பகுதியில் பசுந்தாவரங்கள் வளர்வதில்லை. ஓடைநீர் கொணரும் சருகும் வௌவால்களின் எச்சமுமே அங்குள்ள சிற்றுயிர்களுக்கு உணவு. அவற்றைச் சிலந்திகள் உண்கின்றன. தீப்பந்தப் புகையாலும் இரைச்சலாலும் வௌவால்கள் அகன்றால் இவ்வுணவுத் தொடர் நலிவடையும்.

மேகாலயத்தில் நிலத்தின் பெரும்பகுதி குலங்களுக்கும் ஊர்ச் சமுதாயங்களுக்கும் உரியது. எனவே காப்பு விதிகளை வகுக்கும் அலுவலர் முதலில் கலந்தாலோசிக்க வேண்டியது ஊர் தர்பாரையே. சுற்றுலா வருவாயைக் கணக்கிடுவோர், இருளில் வாழும் உயிர்களுக்கு நேரும் இழப்பையும் செலவுப் பக்கத்தில் எழுதுதல் வேண்டும்.