கொடுத்துக் கைவிட்ட கோமகன்

ஒரு பொருளை ஈதல் எளிது. ஈந்த பின்னர் அதனை நமதென்று எண்ணாதிருத்தல் அரிது. இவ்வுண்மைக்குச் சான்றாவது, மேலைப் பிராங்கிய நாட்டில் அக்குயிட்டேன் பகுதியை ஆண்ட வில்லியம் கோமகனது வரலாறு. ‘பத்தியுடையார்’ எனச் சிறப்பிக்கப்பெறும் இவர், கி. பி. 910-இல் பர்கண்டி நாட்டுக் குளூனி என்னுமிடத்தில் ஒரு துறவிமடத்தை நிறுவினார்.

பிரபுக்கள் மடம் நிறுவுதல் அக்காலத்துப் புதிதன்று. ஆயின், நிறுவினோர் மரபினரே மடத்தைத் தம் உடைமையாகக் கொண்டு, தலைவரை நியமித்தலும் வருவாயை நுகர்தலும் பெருவழக்காயிருந்தன. துறவு பூணாதாரும் மடத்தலைவராயினர். அதனால் ஒழுக்கம் குன்றிற்று.

குளூனி, கோமகன் விரும்பிய வேட்டைக்களம் என்பர். பெர்னோ என்னும் துறவி அவ்விடத்தையே கேட்டபோது, தம் வேட்டை நாய்களை எண்ணிக் கோமகன் தயங்கினாராம். கடவுள் திருமுன் தமக்குத் துணையாவன நாய்களின் குரைப்போ, துறவியரின் மன்றாட்டோ என்று பெர்னோ வினவ, அவர் இசைந்தார் என்பது ஒரு கதை.

கதை எவ்வாறாயினும், அவர் அளித்த சாசனம் நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அம்மடத்தை அவர் அப்போஸ்தலராகிய பேதுரு, பவுல் என்போருக்கு உரிமையாக்கினார். அரசரோ, பிரபுக்களோ, ஆயரோ, பாப்பரசரோ, தம் சுற்றத்தாரோ அதன் உடைமைகளில் தலையிடலாகாதென விலக்கினார். அவ்விலக்கினுள் தம்மையும் அடக்கினார். பெர்னோவிற்குப் பின் துறவியர் தாமே தலைவரைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார். ஏழைகளுக்கும் வழிப்போக்கருக்கும் நாள்தோறும் உதவவேண்டும் என்பதும் அவர் விதித்த கடமை.

918-இல் வில்லியம் இறந்தார். அவர் நட்ட வித்தோ தழைத்தது. ஓடோ, ஹியூ முதலிய தலைவர்களின் காலத்தில் குளூனியின் ஒழுங்கு ஐரோப்பாவெங்கும் பரவிற்று. 1088-இல் தொடங்கிய அதன் மூன்றாம் ஆலயம், உரோமையில் பேதுருவின் புதிய பேராலயம் எழும்வரை, கிறிஸ்தவ உலகில் மிகப் பெரியதாய் விளங்கிற்று. எனினும், செல்வம் பெருகவே எளிமை தேய்ந்தது. பெர்னார்டு முனிவர் அதன் ஆடம்பரத்தைக் கடிந்தெழுதினார். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் ஆலயம் விற்கப்பட்டு இடிக்கப்பட்டது. இன்று எஞ்சியிருப்பது சிறு பகுதியே.

பிரபுக்களின் பிடியினின்று மடத்தைக் காக்கச் சாசனம் போதுமாயிற்று. செல்வத்தின் பிடியினின்று காக்க அது போதவில்லை. அக்காவல் உள்ளிருப்போர் நாள்தோறும் மேற்கொள்ளற்பாலது. பிறர் ஈகையால் எழுந்த கல்லூரியிற் பயிலும் நாமும் இதனை மறவாதிருப்போமாக.