நாலு வாரப் பயிற்சி, ஆறு நம்பிக்கைகள்

“அவள் பத்து வருஷம் மதுரையில் இருந்தாள்.” “அவள் பத்து வருஷமாக மதுரையில் இருக்கிறாள்.” இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தமிழ் கற்கும் ஒரு வெளிநாட்டுக்காரர் கேட்டால், நம்மில் யாரும் சட்டென்று சொல்லிவிடுவோம். முதலாமவள் மதுரையை விட்டுக் கிளம்பிவிட்டாள். இரண்டாமவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அவர் விடாமல், “அந்த ‘ஆக’ அங்கே என்ன வேலை செய்கிறது? அதை எப்போது சேர்க்க வேண்டும், எப்போது சேர்க்கக் கூடாது?” என்று கேட்டால்? பிறந்தது முதல் தமிழ் பேசுகிறவருக்கும் அங்கே பேச்சு நின்றுவிடும்.

மொழி தெரிந்தவர் மொழியைக் கற்பிக்கப் போகும்போது மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அந்த இடத்தைக் கடக்க வைக்கும் பயிற்சிகளில் உலகம் முழுக்கப் பெயர் பெற்றது ‘செல்டா’. பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பதற்காகக் கேம்பிரிட்ஜ் வழங்கும் சான்றிதழ் அது. முழுநேரமாகப் படித்தால் நாலைந்து வாரம். அதன் கதை 1962-இல் லண்டனில் தொடங்கியது. ஜான் ஹேகிராஃப்ட், பிரிட்டா ஹேகிராஃப்ட் தம்பதி முதலில் 1953-இல் ஸ்பெயினின் கோர்தோபா நகரில் ஒரு மொழிப் பள்ளி நடத்தினார்கள். 1959-இல் லண்டனுக்கு வந்து இன்னொன்றைத் தொடங்கினார்கள். அங்கே ஆசிரியர்களைத் தாங்களே தயார் செய்துகொள்ள இரண்டு வாரப் பயிற்சி ஒன்றை வகுத்தார்கள். அது பின்னாளில் ராயல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸின் சான்றிதழாகி, 1988-இல் கேம்பிரிட்ஜின் கைக்கு மாறி, 1996 முதல் செல்டா என்ற பெயரில் நடக்கிறது.

இந்தச் சான்றிதழைச் சுற்றி உலவும் நம்பிக்கைகள் ஏராளம். அவற்றில் அடிக்கடி காதில் விழும் ஆறு இங்கே.

நம்பிக்கை 1: ஆங்கிலம் சரளமாகப் பேச வந்தால் போதும், வகுப்பு எடுத்துவிடலாம்.

உண்மை: சரளம் பயிற்சிக்குள் நுழைய அனுமதிச் சீட்டு மட்டும்தான். செல்டாவில் ஆங்கிலம் சொல்லித் தரமாட்டார்கள். ஆங்கிலத்தை எப்படிச் சொல்லித் தருவது என்றுதான் சொல்லித் தருவார்கள். அதனால்தான் விண்ணப்பிக்கும்போதே ஒரு மொழிப் பணியைச் செய்யச் சொல்லி, நேர்காணலும் வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

உள்ளே போன பிறகு முதலில் உடைவது, “நான் விளக்கினால் அவருக்குப் புரிந்துவிடும்” என்ற எண்ணம். “ஹி யூஸ்ட் டு ஸ்மோக்” என்ற வாக்கியத்தைப் பத்து நிமிடம் விளக்கிவிட்டு, “புரிஞ்சுதா?” என்று கேட்டால் வகுப்பு மொத்தமும் தலையாட்டும். நம் ஊர் வகுப்பறைகளில் “புரிஞ்சுது சார்” என்று கோரஸாகவே வரும். அந்தக் கோரஸுக்குப் பின்னால் எத்தனை பேருக்குப் புரிந்தது என்பது யாருக்கும் தெரியாது. செல்டா பயிற்சியாளர் அந்தக் கேள்வியைக் கேட்கவே விடமாட்டார். அதற்குப் பதிலாக இரண்டு சின்னக் கேள்விகளைத் தயார் செய்யச் சொல்வார்: அவர் முன்பு புகைபிடித்தாரா? இப்போது பிடிக்கிறாரா? முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்று பதில் வந்தால் பொருள் போய்ச் சேர்ந்துவிட்டது. இதற்குக் ‘கான்செப்ட் செக்கிங்’ என்று பெயர். பார்க்க எளிது, ஒவ்வொரு இலக்கணக் கூறுக்கும் அப்படி இரண்டு கேள்வி யோசிக்க உட்கார்ந்தால் ராத்திரி ஒரு மணி ஆகிவிடும்.

நம்பிக்கை 2: நாலு வாரம்தானே? காசு கட்டினால் சான்றிதழ் கைக்கு வந்துவிடும்.

உண்மை: இந்த நம்பிக்கையோடு போகிறவர்கள்தான் முதல் வாரத்திலேயே திணறுகிறார்கள். குறைந்தது 120 மணி நேரம் பயிற்சியாளர்களோடு கழிய வேண்டும். அதற்கு வெளியே படிக்க, எழுத, பாடம் தயாரிக்க 80 மணி நேரமாவது தேவைப்படும் என்பது கேம்பிரிட்ஜின் கணக்கு. அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்புகளை 6 மணி நேரம் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். ஒவ்வொன்றும் 750 முதல் 1,000 சொற்கள் வரை நான்கு கட்டுரைகள் எழுத வேண்டும். அவற்றில் ஒன்றுக்கு, உண்மையான ஒரு மாணவரைப் பேச வைத்து, அவர் செய்யும் பிழைகளைக் குறித்து, அவருக்கு என்ன பயிற்சி தரலாம் என்று எழுத வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மையம், மதிப்பிடப்படும் 6 மணி நேரக் கற்பித்தல். பொம்மை வகுப்பு அல்ல. நிஜமான பெரியவர்கள், ஆங்கிலம் கற்க வேண்டிய தேவையோடு வந்து உட்கார்ந்திருப்பவர்கள். மொழித் திறனில் இரண்டு வெவ்வேறு நிலைகளில் இருப்பவர்களுக்காவது பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். பல மையங்களில் இரண்டாம் நாளே ஆளை முன்னால் நிறுத்திவிடுவார்கள்.

வகுப்பு முடிந்ததும் வருவது ஃபீட்பேக். பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்த, கூடப் பயிற்சி பெறுகிறவர்களும் பயிற்சியாளரும் சுற்றி அமர்வார்கள். எது நன்றாக வந்தது, எது சொதப்பியது, ஆசிரியர் எவ்வளவு நேரம் தானே பேசித் தீர்த்தார், மாணவர்கள் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று அலசுவார்கள். பல வருஷம் கல்லூரியில் விரிவுரை நிகழ்த்திப் பழகியவர்களுக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் அதிகம் வலிக்கும். வாயை மூடிக்கொண்டு வகுப்பை நடத்துவது அவர்கள் அதுவரை செய்யாத வேலை.

கடைசியில் எழுத்துத் தேர்வு எதுவும் கிடையாது. ஆனால் வெளியிலிருந்து கேம்பிரிட்ஜ் அனுப்பும் மதிப்பீட்டாளர் ஒருவர் பயிற்சி நடக்கும்போது வந்து பார்ப்பார். தேர்ச்சியில் ‘பாஸ்’, ‘பாஸ் பி’, ‘பாஸ் ஏ’ என்று மூன்று படிகள் உண்டு. தோல்வியும் உண்டு.

நம்பிக்கை 3: ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்தான் நல்ல ஆங்கில ஆசிரியர்.

உண்மை: இந்த நம்பிக்கைக்கு ஒரு முகவரியே உண்டு. 1961-இல் உகாண்டாவின் மகெரெரேயில் ஆங்கிலக் கல்வி பற்றி ஒரு மாநாடு நடந்தது. அதன் பரிந்துரைகளில் ஊறியிருந்த ஐந்து கருத்துகளை மொழியியலாளர் ராபர்ட் ஃபிலிப்சன் 1992-இல் ‘லிங்விஸ்டிக் இம்பீரியலிசம்’ என்ற நூலில் எடுத்து வைத்து, ஐந்துமே தவறான நம்பிக்கைகள் என்று வாதிட்டார். “சிறந்த ஆசிரியர் தாய்மொழிக்காரரே” என்பது அவற்றில் ஒன்று. இரண்டே ஆண்டில் ஹங்கேரியின் பீட்டர் மெட்யெஷ், ஆங்கிலத்தைப் பிற்பாடு கற்ற ஆசிரியர்களுக்கு என்னென்ன பலங்கள் உண்டு என்று ஒரு நூலே எழுதினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, போர்க்கால யாழ்ப்பாணத்து வகுப்பறைகளை வைத்தே 1999-இல் இந்த விவாதத்துக்கு முக்கியமான நூல் ஒன்றைத் தந்தார்.

செல்டாவின் விதியிலும் தாய்மொழி பற்றிப் பேச்சே இல்லை. ஐரோப்பிய மொழித் தர அளவில் சி2 அல்லது சி1-இன் மேல்தட்டில் ஆங்கிலம் இருந்தால் போதும்.

தமிழ்க்காரருக்கு இதில் ஒரு சாதகமும் இருக்கிறது. ஒவ்வொரு லெசன் பிளானிலும், மாணவர்களுக்கு எங்கே தடுக்கும் என்று முன்கூட்டியே எழுத ஒரு பகுதி உண்டு. “ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்” என்று ஒருவர் ஏன் சொல்கிறார் என்பது லண்டன்காரருக்குப் புதிர். தமிழருக்கோ, “பத்து வருஷமா இங்க இருக்கேன்” என்பது அப்படியே ஆங்கில உடுப்பு போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

நம்பிக்கை 4: வகுப்பில் தாய்மொழி ஒரு வார்த்தைகூட வரக் கூடாது.

உண்மை: லண்டன் வகுப்பில் ஒரு ஜப்பானியர், ஒரு துருக்கியர், ஒரு பிரேசில்காரர் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருப்பார்கள். அங்கே ஆங்கிலத்திலேயே எல்லாம் நடப்பதற்குக் காரணம் கொள்கை என்பதைவிட, வேறு வழியில்லை என்பதுதான். செல்டாவும் அந்தச் சூழலில் வளர்ந்த பயிற்சி. படம், சைகை, நடிப்பு, கேள்வி என்று மொழிபெயர்ப்பில்லாமல் பொருளைக் கடத்தும் வித்தைகளை அது நன்றாகவே கற்றுத் தருகிறது. அது எவ்வளவு சாத்தியம் என்று காட்ட, பல மையங்களில் யாருக்கும் தெரியாத ஒரு மொழியில் பயிற்சிக்கு வந்தவர்களுக்கே ஒரு பாடம் எடுப்பார்கள். முழுக்கத் தெரியாத மொழியில் மாணவராக உட்காருவது எப்படிப்பட்ட அவஸ்தை என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

ஆனால் எல்லோரும் தமிழ் பேசும் திருநெல்வேலி வகுப்பில், ‘ஆல்தோ’ என்ற சொல்லுக்கு ‘இருந்தாலும்’ என்று ஒரு நொடியில் சொல்லிவிட்டு, மிச்ச நேரத்தை மாணவர்கள் பேசுவதற்கு விடுவது குற்றமல்ல. “ஆங்கிலம் மட்டும்” என்பதும் ஃபிலிப்சன் பட்டியலிட்ட ஐந்தில் ஒன்றுதான். 2010-இல் மொழியியலாளர் கை குக் எழுதிய நூல், மொழி வகுப்பிலிருந்து விரட்டப்பட்ட மொழிபெயர்ப்பைத் திரும்ப அழைத்து வரவே எழுதப்பட்டது. தாய்மொழியிலேயே முழு வகுப்பையும் நடத்திவிட்டு, கடைசியில் ஆங்கில விடையைக் கரும்பலகையில் எழுதிப் போடுவது வேறு விஷயம். அதை யாரும் ஆதரிக்கவில்லை.

நம்பிக்கை 5: செல்டா கற்றுத் தருவதுதான் ஒரே சரியான முறை.

உண்மை: இதை மறுக்க வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு, 1979 முதல் ஐந்து ஆண்டுகள் தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண வரிசையை ஓரமாக வைத்துவிட்டு, ரயில் கால அட்டவணையைப் பார்த்து விடை கண்டுபிடி, வரைபடத்தைப் பார்த்து வழி சொல் என்று பணிகளைக் கொடுத்தார். கவனம் பொருளில் இருக்கும்போது இலக்கணம் தானாக உள்ளே படியும் என்பது அவர் கருத்து. ‘பெங்களூர் திட்டம்’ என்று உலகம் அறிந்த இந்த முயற்சி, பணிவழிக் கற்பித்தல் என்ற பெரிய கிளைக்கே வேர்களில் ஒன்று. இவ்வளவும் செய்த பிரபுவே 1990-இல், எல்லாருக்கும் பொருந்தும் சிறந்த முறை என்று ஒன்று ஏன் கிடையாது என்று கேட்டுக் கட்டுரை எழுதினார். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்காவில் பேராசிரியரான பி.குமாரவடிவேலு, 1994-இலும் பிறகும், முறைகளுக்குப் பின் ஓடுவதை விட்டு வெளியே வரும் காலம் வந்துவிட்டது என்று எழுதினார்.

நாலு வாரத்தில் ஒரு புதியவருக்குத் தர முடிவது ஒரு கருவிப் பெட்டி. செல்டா தருவதும் அதைத்தான். அறுபது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் வகுப்பில் எந்தக் கருவி உதவும், எது உதவாது என்று அதை வாங்கியவர்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை 6: சான்றிதழ் இருந்தால் பள்ளியிலும் வேலை, உலகம் முழுக்கவும் வேலை.

உண்மை: பிரிட்டிஷ் தகுதி வரிசையில் செல்டா 5-ஆம் நிலை. இளங்கலைப் பட்டம் 6-ஆம் நிலை. இதே துறையின் மேற்படிப்பான ‘டெல்டா’ 7-ஆம் நிலை. ஆக, செல்டா பட்டத்துக்கு மாற்று ஆகாது, பி.எட்.டுக்கும் மாற்று ஆகாது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆசிரியராக வேண்டுமென்றால் அதற்குரிய ஆசிரியர் பட்டமும் தகுதித் தேர்வும்தான் வழி.

வெளிநாட்டிலும் சான்றிதழைவிடப் பாஸ்போர்ட் பேசும் இடங்கள் உண்டு. தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஈ-2 விசா பொதுவாக ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தம் நம்மவர்களுக்குத் திறந்தது ஒரு சிறு கதவு. அதற்கும் ஆசிரியர் தகுதிச் சான்று வேண்டும். செல்டாவுக்கு உண்மையான மதிப்பு இருப்பது பெரியவர்களுக்கான மொழி மையங்களிலும், நிறுவன ஊழியர்களுக்கான ஆங்கிலப் பயிற்சியிலும்தான்.

இந்த ஆறோடு, மாணவர்களின் தரப்பில் உலவும் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். “நாற்பது வயசுக்கு மேல் நாக்கு வளையாது” என்பது அது. 1978-இல் கேத்தரின் ஸ்னோவும் மரியான் ஹூஃப்நாகல்-ஹோலெவும் நெதர்லாந்தில் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அங்கே குடிவந்த ஆங்கிலம் பேசுபவர்கள் டச்சு மொழியை எப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று கவனித்ததில், முதல் சில மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களும். எல்லாச் சோதனைகளிலும் மூத்தவர்களைவிடக் குறைவாக எடுத்தவர்கள் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள். காலப்போக்கில், குறிப்பாக உச்சரிப்பில், சிறுவயதில் தொடங்கியவர்கள் முந்திக்கொள்வது உண்டு என்பதும் உண்மைதான். ஆனால் வேலை முடிந்து களைத்து வந்து உட்காரும் ஐம்பது வயதுக்காரருக்குத் தடையாக இருப்பது நாக்கைவிட, பத்துப் பேர் முன்னால் தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற கூச்சம். இரண்டிரண்டு பேராக உட்கார்த்திப் பேச வைப்பதைச் செல்டா இவ்வளவு வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, பணம் கட்டப் போகிறவர்களுக்கு. ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழ் என்ற பெயரில் சனி, ஞாயிறு இரண்டே நாளில் முடியும் படிப்புகளும், கணினித் திரையில் கேள்விக்கு டிக் அடித்தால் கிடைக்கும் படிப்புகளும் சந்தையில் ஏராளம். ‘டெஃபல்’ (அயல்மொழியாக ஆங்கிலம் கற்பித்தல்) என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம். கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: நான் எத்தனை மணி நேரம் வகுப்பு எடுப்பேன்? எதிரே உட்காருவது உண்மையான மாணவர்களா? என்னை மதிப்பிடுவதைச் சரிபார்க்க வெளியிலிருந்து யார் வருவார்? முதல் கேள்விக்குப் பதில் ‘பூஜ்யம்’ என்றால், மற்ற இரண்டையும் கேட்காமலே எழுந்து வந்துவிடலாம்.