பல பூட்டும் பல திறவுகோலும்

பொருளைப் பேழையில் வைத்துப் பூட்டித் திறவுகோலை இடுப்பிற் செருகிக்கொண்ட காலம் ஒன்றிருந்தது. இக்காலத்திலோ நம் பொருளின் பெரும்பகுதி கணக்குகளில் இருக்கின்றது. அவற்றின் திறவுகோல் கடவுச்சொல் எனப்படும் சில எழுத்துக்களே. அச்சொற்களை மறவாதிருப்பதும், பிறர் கையிற் படாமற் காப்பதும் எங்ஙனம் என்பதை மாணவர்கள் பொருட்டு ஈண்டுச் சுருக்கமாக எழுதுவோம்.

நம் எல்லைப்புறத்தார்க்கு இவ்விஷயம் மிகவும் வேண்டற்பாலது. 1971-ல் தோன்றிய சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்த பின்னர், பல மாவட்டத்தாரும் பல மாநிலத்தாரும் இங்கு வேலை தேடி வருகின்றனர். ஜூஜூவாடி எல்லையைக் கடந்து நாள்தோறும் கருநாடகத்திற்கு வேலைக்குச் செல்வாரும் உளர். ஆலை மாறுந்தோறும் சம்பளக் கணக்கு உள்ள பாங்கியும் மாறுவதுண்டு. ஒரு தொழிலாளிக்கே இரண்டு பாங்கிக் கணக்குகள், கைப்பேசிப் பணப்பரிமாற்றம், சேமநல நிதி, மின்னஞ்சல், ரயில் டிக்கெட்டுக் கணக்கு என ஐந்தாறு பூட்டுக்கள் அமைந்துவிடுகின்றன. மாணவர்க்கோ கல்லூரிக் கணக்கும் உதவித்தொகைக் கணக்கும் சேர்கின்றன.

இத்தனையையும் நினைவில் வைத்தல் அரிதாகலின், மக்கள் இரண்டு எளிய வழிகளை நாடுகின்றனர். இரண்டும் அபாயமானவை. முதலாவது, பிறந்த ஆண்டு, பிள்ளையின் பெயர், வண்டியின் எண் ஆகியவற்றைக் கடவுச்சொல்லாக வைப்பது. கிருஷ்ணகிரி வண்டிக்கு டி.என். 24, ஓசூர் வண்டிக்கு டி.என். 70 என்று பலகையிலேயே எழுதியிருக்க, வீதியில் நிற்போர் யாவரும் படிக்கத்தக்க அவ்வெண் எங்ஙனம் இரகசியமாகும்? இரண்டாவது, ஒரே சொல்லை எல்லாக் கணக்கிற்கும் வைப்பது. திண்டுக்கல்லிற் பூட்டு வாங்குகிற ஒருவர், வீட்டுக்கும் கடைக்கும் பெட்டிக்கும் ஒரே திறவுகோல் போதும் என்று கேட்பாரோ? கேளார். கணக்குகளில் மட்டும் நாம் அவ்வாறு செய்கின்றோம்.

இதன் தீமையை விளக்க இரண்டு சரித்திர நிகழ்ச்சிகள் போதும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் பலர் ஒரே கணிப்பொறியைப் பகிர்ந்துகொண்ட காலத்தில், அவரவர் கோப்பை அவரவரே திறத்தற்பொருட்டுக் கடவுச்சொல் முறை அமைக்கப்பட்டது. 1962-ல் ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர், தமக்கு அளித்த நேரம் போதாமையால், எல்லாருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பையே அச்சிட்டெடுத்துப் பிறர் நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டார். 2009-ல் ராக்யூ என்னும் நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 இலட்சம் கடவுச்சொற்கள் களவுபோயின. அவற்றுள் மிகப் பலர் வைத்திருந்தது 123456 என்பதே. இவ்விரண்டு இடத்தும் சொல்லை வெளியிட்டவர் அதற்குரியவர் அல்லர். காவல் புரிந்த இடமே கோட்டையிற் பிளவு கண்டது. ஓரிடத்திற் கிடைத்த சொல்லைத் திருடர் மற்றெல்லா இடத்தும் இட்டுப் பார்ப்பர். ஆகவே கணக்குக்கு ஒரு சொல் வைத்திருப்பவன் ஒன்றையே இழப்பான். ஒரே சொல் வைத்திருப்பவன் அனைத்தையும் இழப்பான்.

அங்ஙனமாயின் அத்தனை சொற்களையும் நினைவிற்கொள்வது எவ்வாறு என வினவலாம். நினைவிற்கொள்ள வேண்டுவதில்லை என்பதே விடை. பாங்கி அட்டையின் எண், பணப்பரிமாற்ற எண், மின்னஞ்சலின் சொல், மற்றவற்றைக் காக்கும் தாய்ச்சொல் ஆகிய சிலவே மனத்திற்குரியவை. ஏனையவற்றைக் கடவுச்சொற் காப்பகம் எனத்தக்க மென்பொருளில் வைக்கலாம். அது எல்லாவற்றையும் மறையெழுத்தாக்கி ஒரே தாய்ச்சொல்லாற் பூட்டிவைக்கும்; புதுச்சொற்களையும் தானே ஆக்கித் தரும். கீபாஸ் என்பது போன்றவை விலையின்றியே கிடைக்கின்றன. அது இயலாதார் ஒரு குறிப்பேட்டில் எழுதி, நிலப்பத்திரம் வைக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டுக. கைப்பேசி உறையிலும், பாங்கி அட்டையின் பின்புறத்திலும் எழுதுதல் ஆகாது.

தாய்ச்சொல் நீண்டதாயும் தொடர்பற்றதாயும் இருத்தல் வேண்டும். 1995-ல் ஆர்னால்டு ரெய்ன்ஹோல்டு என்பார் ஒரு முறை வகுத்தார். ஐந்து பகடை உருட்டினால் 7,776 வகை விழும். அத்தனை சொற்கொண்ட பட்டியிலிருந்து, விழுந்த எண்ணுக்குரிய சொல்லை எடுக்க வேண்டும். அவ்வாறு நான்கு சொற்களைச் சேர்த்தால் 36 கோடி கோடிக்கு மேற்பட்ட சேர்க்கைகள் உண்டாகும். ஐந்தாயின் இன்னும் நன்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் வழங்கும் நம்மூரார்க்குச் சொற்பஞ்சம் இல்லை. குடை, செட்டு, பாகிலு, வெல்லம் என்பது போலக் குருட்டாம்போக்கில் எடுத்து, ஆங்கில எழுத்தில் அடிக்கலாம். இவ்வுதாரணத்தை எவரும் கையாளற்க, அச்சேறியது இரகசியமன்று. திரைப்பாட்டின் அடியும் பழமொழியும் பலரறிந்தவை ஆதலின் அவையும் ஆகா.

திங்கள்தோறும் சொல்லை மாற்ற வேண்டும் என்று முன்னர்க் கூறுவர். அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமாகிய நிஸ்ட் 2017-ல் அக்கட்டாயத்தைக் கைவிட்டது. அடிக்கடி மாற்றுவோர் எளிய சொல்லையே நாடுகின்றனர் என்பது காரணம். களவு ஐயம் நேர்ந்தால் மட்டும் உடனே மாற்றுக.

இவற்றோடு ஒன்று நம் பக்கத்தார் சிறப்பாகக் கவனிக்க. சொல்லை மறந்தாரைக் காப்பது அவரது கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலுமே. வேலைக்கு வந்த புதிதில் வேறு சிம் வாங்கிப் பழையதை எறிந்துவிடுவோர் பலர். கைவிட்ட எண் 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்கு அளிக்கப்படலாம், பின்னர் ஓ.டி.பி. அவருக்கே செல்லும். 2014-ல் வந்த யு.ஏ.என். முறையால் சேமநல நிதி எண் ஆலை மாறினும் மாறாது. ஆயின் அதனோடு இணைத்த கைப்பேசி எண் செத்துப்போனால், தன் பணத்தைத் தானே காண அலைய நேரும். ஆதலின் பழைய எண்ணை விடுமுன் பாங்கி, சேமநல நிதி, மின்னஞ்சல் மூன்றிலும் புதிய எண்ணைப் பதிந்துகொள்க.

பிறர் கடவுச்சொல்லை வஞ்சனையாகப் பயன்படுத்துவோர்க்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஓரிலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கின்றது. பணம் பறிபோனதாயின் தாமதியாது 1930 என்னும் எண்ணுக்கு அறிவித்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! பல இல்லங்களிற் பெற்றோர்க்குக் கணக்குத் திறந்து கடவுச்சொல் வைத்துக் கொடுப்பவர் நீங்களே. அச்சொல் உங்கள் மனத்தில் மட்டும் இருந்தால், நீங்கள் விடுதியில் இருக்கும் நாளில் தந்தை தம் பணத்தை எடுக்கமாட்டாது தவிப்பார். பலர் கேட்கச் சொன்னால் அப்பணமே போய்விடும். எனவே அதனை எழுதி உறையிலிட்டு ஒட்டி அவர் கையிலேயே ஒப்புவியுங்கள். யார் கேட்பினும், பாங்கியார் என்று சொல்லிக் கேட்பினும், கூறலாகாது எனப் பொறுமையாகக் கற்பியுங்கள். கற்றவன் கல்விக்கு இதுவும் ஒரு பயன்.